சகுரா என்னும் சொல்

சென்ற நவம்பரில் நம் சங்கக் குடும்பங்கள் இரண்டு பேருந்துகளில் ஷில்லாங் சென்று செர்ரி மலர் விழாவைப் பார்த்து வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். திரும்பும் வழியில் நோங்போவில் தேநீருக்கு நிறுத்தியபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, "தாத்தா, இந்தப் பூவில் வாசனையே இல்லை. தொடுத்துத் தலையில் வைக்கவும் முடியாது. இதைப் போய் ஜப்பான்காரர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நம் செயலாளர், "அதையே மலருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டார்.

என் இளைய மகளும் மாப்பிள்ளையும் யோகஹாமாவில் இருக்கிறார்கள். இரண்டு வசந்த காலங்களை நானும் என் மனைவியும் அங்கே கழித்திருக்கிறோம். மொழி பற்றிய செய்திகள் மகளிடமிருந்து கேட்டவை. அவள் அங்கே முறையாக ஜப்பானிய மொழி படித்தவள். மற்றவை நூல்களில் படித்தும் கண்ணால் பார்த்தும் அறிந்தவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். ஷில்லாங்கில் நாம் பார்த்தது ஜப்பானிய மரம் அன்று. அது இமயமலைச் செர்ரி. வட இந்தியர் 'பத்தம்' என்றும், ஆயுர்வேத நூல்கள் 'பத்மகம்' என்றும் சொல்லும் நம் நாட்டு மரம். அது குளிர் தொடங்கும் நவம்பரில் பூக்கும். ஜப்பானில் உள்ளவை குளிர் முடிந்து மார்ச், ஏப்ரலில் பூக்கும். இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஷில்லாங் விழாவும் பழைய வழக்கமில்லை, 2016இல் தொடங்கியதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். 'சகுரா' என்பது மரத்துக்கும் பெயர், பூவுக்கும் பெயர். முதலெழுத்தைச் 'சக்கரம்' என்பதில் வரும் சகரம் போல் அழுத்தாமல், 'ஸ' என்று மென்மையாகச் சொல்ல வேண்டும். இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. 'சகு' என்றால் பூத்தல். அதனோடு பன்மை காட்டும் 'ரா' சேர்ந்தது என்பது ஒரு கட்சி. 'சா' என்றால் வயல் தெய்வம், 'குரா' என்றால் பீடம், ஆகவே நாற்று நடும் முன் வயல் தெய்வம் மலையிலிருந்து இறங்கி வந்து அமரும் மரம் என்பது இன்னொரு கட்சி. மொழியறிஞர்கள் இரண்டாவதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் அது ஜப்பானியர் மனத்துக்குப் பிடித்துப்போன விளக்கம். நெல் விதைக்கும் பருவத்தைப் பூவைப் பார்த்தே கண்டுகொண்ட உழவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். 'விதைப்புச் சகுரா' என்றே சில மரங்களுக்குப் பெயருண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இனிக்கும் செய்தி ஒன்று. ஜப்பானிய மொழியிலும் நம் புணர்ச்சி போன்ற ஒன்று இருக்கிறது. இரண்டு சொற்கள் சேரும்போது இரண்டாவதன் முதல் வல்லோசை மெலிந்துவிடும். 'யமா' என்றால் மலை. மலைச் சகுரா 'யமாஜகுரா' ஆகிவிடும். இரவில் விளக்கொளியில் பார்ப்பது 'யோஜகுரா'. பூ உதிர்ந்து தளிர் விட்ட மரம் 'ஹாஜகுரா', அதாவது இலைச் சகுரா.

எழுதும் எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சகுராவைக் குறிக்கும் பழைய சீன எழுத்தில் இடப்பக்கம் மரம், வலப்பக்கம் மேலே இரண்டு சிப்பிகள், கீழே ஒரு பெண். இரண்டு சிப்பி என்பதும் இரண்டாம் மாடி என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. மரம் என்பதற்கும் மனம் என்பதற்கும் ஒலி ஒன்றே. ஆகவே பள்ளிப் பிள்ளைகள் 'மாடிவீட்டுப் பெண் மேல் மனம் தொங்குகிறது' என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி இந்த எழுத்தை மனப்பாடம் செய்வார்களாம். இப்போது எழுத்தைச் சுருக்கிவிட்டார்கள். சிப்பிகள் போய் மூன்று சிறு கோடுகள்தான் மிச்சம். பெண் மட்டும் அப்படியே இருக்கிறாள்.

ஆதியில் ஜப்பானியர் கொண்டாடிய பூ சகுரா அன்று. சீனத்திலிருந்து வந்த பிளம் பூவைத்தான் அரண்மனைப் புலவர்கள் பாடினார்கள். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' என்ற பெருந்தொகையில் பிளம் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. சகுரா பற்றியவை சுமார் நாற்பதுதான். 905இல் அரசன் ஆணைப்படி தொடங்கிய 'கொகின்ஷூ' தொகையில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது? 812ஆம் ஆண்டில் சாகா என்ற பேரரசர் கியோட்டோவில் சகுரா பார்க்கும் விருந்து ஒன்று நடத்தினார். நூலில் பதிவான முதல் விருந்து அதுவே. அதே நூற்றாண்டில் அரண்மனை முற்றத்தில் நின்ற பிளம் மரம் போய், அந்த இடத்தில் சகுரா வந்து நின்றது. சீனப் பெருமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தம் மலையில் தானாகப் பூப்பதை நிமிர்ந்து பார்த்த காலம் அது. அதன் பிறகு 'ஹனா' என்று அடைமொழியில்லாமல் ஒரு புலவன் எழுதினால் அது சகுராதான். ஹனா என்றால் பூ, மி என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்ததுதான் 'ஹனாமி', பூப் பார்க்கும் விழா.

இந்த ஹனாமி முதலில் பிரபுக்களுடையது. சாதாரண மக்களுக்கு அதைக் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு எட்டாவது ஷோகன் யோஷிமுனேவுக்கு உண்டு. 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய டோக்கியோவில் அசுகாயாமா குன்றிலும் சுமிதா ஆற்றங்கரையிலும் அவர் வரிசையாகச் சகுரா நட வைத்தார். ஆற்றங்கரையில் நட்டதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: பூப் பார்க்க வரும் கூட்டத்தின் கால்பட்டுக் கரைமண் இறுகும் என்பதுதான் அது. மண் கரை போட்டு ரோலர் ஓட்டியே காலம் கழித்த எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது. கூலி கொடுக்காமல் ஆயிரம் பேர் திமிசு போட்டது போல! இன்றும் மரத்தடியில் நீலப் பாய் விரித்து, அலுவலகத்தின் இளைய ஊழியரைக் காலையிலேயே இடம் பிடிக்க உட்கார வைத்து, மாலையில் எல்லோரும் வந்து சாப்பிட்டுக் குடித்துப் பாடுகிறார்கள். பூவை விடக் கொழுக்கட்டை மேல் என்று பொருள்படும் பழமொழியும் அவர்களிடமே இருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை பூக்கும் விதத்தில் இல்லை, உதிரும் விதத்தில் இருக்கிறது. மொட்டு அவிழ்ந்து ஒரு வாரத்தில் மரம் முழுக்கப் பூத்துவிடும். அடுத்த வாரம் காற்றோ மழையோ வந்தால் தீர்ந்தது. ரோஜா போல் காம்பிலேயே வாடிக் கறுத்துத் தொங்குவதில்லை. நிறம் மாறுவதற்கு முன்பே ஒவ்வோர் இதழாகப் பறந்துவிடும். நம் முன்னோர் பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழாகப் பிரித்தார்கள் அல்லவா? உதிரும் பூவை 'வீ' என்றார்கள். சகுராவின் அழகு முழுவதும் இந்த 'வீ' பருவத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் அவர்களிடம் எத்தனை சொற்கள்! இதழ்கள் காற்றில் சுழன்று பறப்பது 'ஹனாஃபுபுகி', பூப் பனிப்புயல். நீரில் விழுந்து ஒன்றாக மிதந்து போவது 'ஹனா இகாதா', பூத்தெப்பம். பூத்த சமயத்தில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு 'ஹனாபியே'. அப்போது வானம் மூடிக்கொண்டிருந்தால் 'ஹனாகுமோரி'.

கண்முன்னே ஒன்று இருக்கும்போதே அது போகப் போவதை உணர்ந்து நெஞ்சு கனிவதை அவர்கள் 'மோனோ நோ அவாரே' என்பார்கள். இதைத் தம் இலக்கியத்தின் உயிர்நாடி என்று விளக்கியவர் மோட்டூரி நொரினாகா என்ற 18ஆம் நூற்றாண்டு அறிஞர். மலைச் சகுராவின் மீது பெரும் பித்துக் கொண்டவர். தம் கல்லறை மேல் ஒரு யமாஜகுரா நட வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேறோர் இடத்தில் வரும்.

அன்றாடப் பேச்சில் இச்சொல் எங்கெங்கோ நுழைந்திருக்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிவை வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தந்தியில் தெரிவிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 'சகுரா பூத்தது' என்று வந்தால் தேர்ச்சி. 'சகுரா உதிர்ந்தது' என்று வந்தால் அடுத்த ஆண்டுதான். எழுத்துக்குக் காசு என்பதால் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். நம் நாட்டில் 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. தந்தி என்றாலே வீட்டில் அழுகுரல் எழுந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தோல்வியைக்கூட இவ்வளவு மென்மையாகச் சொல்லலாம் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பொருளும் இப்படிக் கௌரவமானவை அல்ல. கடைக்காரன் தானே ஏற்பாடு செய்து, வாடிக்கையாளன் போல் நின்று 'ஆகா, என்ன மலிவு' என்று சொல்ல வைக்கும் ஆளுக்கும் பெயர் சகுராதான். பழைய நாடகக் கொட்டகையில் இலவசமாக உள்ளே விட்டுக் கைதட்ட வைத்த ஆட்களிலிருந்து வந்ததாம். பூவைப் பார்க்கக் காசு இல்லை, இவனுக்கும் டிக்கெட் இல்லை! குதிரை இறைச்சிக்குச் 'சகுரா இறைச்சி' என்று பெயர். அதன் நிறம் கருதி. நம் சைவ அன்பர்கள் அங்கே போனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'சகுராமோச்சி' என்ற இனிப்பு நமக்கு உகந்தது: அரிசி மாவில் பயற்றுப் பூரணம் வைத்து, உப்பில் ஊறிய சகுரா இலையால் சுற்றியது. பூவுக்கு இல்லாத வாசனை அந்த இலைக்கு ஊறிய பிறகு வருகிறது. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் தேநீர் தர மாட்டார்கள். தேநீரைக் கலக்குவது என்றால் அவர்கள் மொழியில் மழுப்புவது என்று பொருள். அதற்குப் பதில் உப்பிட்ட சகுராப் பூவை வெந்நீரில் இட்டுத் தருவார்கள். கிண்ணத்துக்குள் பூ மெல்ல விரியும்.

'உபாஜகுரா' என்று ஒரு சொல். நேர்ப்பொருள் கிழவிச் சகுரா. இலை வருவதற்கு முன்பே பூக்கும் மரம் அது. 'ஹா' என்றால் இலை, 'ஹா' என்றால் பல்லும்தான். ஹா இல்லாமல் பூத்து நிற்பதால் கிழவி! வயதான பிறகும் அழகு குறையாத பெண்ணைச் சொல்லவும் இது வழங்கும். என் மனைவியிடம் சொன்னேன். பாராட்டா, கேலியா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை.

இன்னொரு செய்தி நமக்கு எளிதில் புரியும். ஜப்பானிலும் நிதியாண்டு நம்மைப் போலவே ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. பள்ளியும் அப்போதுதான், புதிதாக வேலைக்குச் சேர்வதும் அப்போதுதான். மார்ச்சில் பிரிவு உபசாரம், ஏப்ரலில் புதுமுகம். நமக்கு மார்ச் என்றால் பில் பாஸ் செய்வதும் கணக்கு முடிப்பதும்தான் ஞாபகம். அவர்களுக்கு அதே நாட்களில் தலைக்குமேல் பூ. புத்தகப்பையோடு சகுரா மரத்தடியில் நிற்கும் ஒரு புகைப்படம் இல்லாத வீடு அங்கே அபூர்வம்.

இப்போது பொறியாளன் பேச வேண்டிய இடம். நகரங்களில் நாம் பார்க்கும் வெளிறிய இளஞ்சிவப்புப் பூ பெரும்பாலும் ஒரே வகை. பெயர் 'சோமெய் யோஷினோ'. டோக்கியோவின் பழைய சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்களிடமிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவியது. இரண்டு வகைச் சகுராக்களின் கலப்பு. விதையிலிருந்து இது அப்படியே வராது. நாம் ஒட்டுமாங்கன்று கட்டுவது போல் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். ஆகவே நாடு முழுவதும் நிற்கும் சோமெய் யோஷினோக்கள் மரபணுவின்படி ஒரே மரம். அதனால்தான் ஓர் ஊரில் எல்லாம் ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் உதிர்கின்றன. மலைச் சகுரா அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களே வெவ்வேறு நாளில், வெவ்வேறு நிறத்தில் பூக்கும். பழைய புலவர்கள் பாடியது இதைத்தான். ஒரே சமயத்தில் அத்தனையும் கொட்டிப்போகும் காட்சி சுமார் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பூக்கும் நாளைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிக வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொட்டால் பூ விரியும். டோக்கியோவில் பிப்ரவரியின் சராசரி அதிக வெப்பம் சுமார் 11 டிகிரி; 28 நாளுக்கு 308. மார்ச்சில் சுமார் 14. மீதி 292ஐ 14ஆல் வகுத்தால் 21 நாள். மார்ச் 21 என்று வருகிறது. உண்மையில் அங்கே சராசரியாகப் பூக்கும் நாள் மார்ச் 24. துண்டுக் காகிதத்துக் கணக்குக்கு மூன்று நாள் பிழை பெரிதில்லை. ஆனால் வெயில் மட்டும் போதாது. அதற்கு முன் குளிர்காலம் முழுக்க மொட்டு குளிரில் உறங்கி எழுந்திருக்க வேண்டும். சென்னையில் சகுரா வைக்க முடியுமா என்று கேட்ட நண்பருக்கு இதுவே பதில்.

தெற்கே கியூஷூ, ஷிகோகு பகுதிகளில் மார்ச் இறுதியில் தொடங்கி, மே முதல் வாரங்களில் வடக்கே ஹொக்கைடோவில் முடியும் இந்தப் பூப்பயணத்தை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். அரசு வானிலைத் துறை பல ஆண்டுகள் முன்னறிவிப்பு வெளியிட்டது. 2007இல் கணினிப் பிழையால் சில ஊர்களுக்கு நாள் தவறியபோது, அதிகாரிகள் பொதுமக்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். 2010 முதல் முன்னறிவிப்பு தனியார் நிறுவனங்கள் கையில். பூத்ததா என்று பார்த்து அறிவிப்பது மட்டும் அரசிடம். கியோட்டோவில் பூத்த நாட்களை அரண்மனைக் குறிப்புகளிலிருந்தும் துறவிகளின் நாட்குறிப்புகளிலிருந்தும் திரட்டி, சுமார் 1200 ஆண்டுக்கு ஒரு பட்டியல் செய்திருக்கிறார்கள். அதில் 1409ஆம் ஆண்டின் மார்ச் 27தான் மிக முந்தைய நாளாக நெடுங்காலம் இருந்தது. 2021இல் மார்ச் 26 அன்றே கியோட்டோ முழுதும் பூத்து அந்தக் கணக்கை உடைத்தது. உலகம் சூடாவதற்கு இதைவிட நீண்ட சாட்சிக் கையெழுத்து வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

டோக்கியோவில் 'பூத்துவிட்டது' என்று அறிவிக்க ஒரு மாதிரி மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் அறிவிப்பு. அந்த மரம் நிற்கும் இடம் யாசுகுனி ஆலயம். மகள் எங்களை அங்கே அழைத்துப் போனாள். போரில் பேரரசருக்காக உயிர்விட்டவர்களுக்கென்று 1869இல் நிறுவப்பட்ட ஆலயம் அது. வளாகம் முழுக்கச் சகுரா மரங்கள். சகுராவின் இன்னொரு பொருளை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மெய்ஜி அரசு படை திரட்டத் தொடங்கியபோது, சகுராவின் உதிர்தலை எடுத்து ஒரு கடமையாக மாற்றியது. படைமுகாம்களிலும் பள்ளிகளிலும் இடிந்த கோட்டைகளிலும் சோமெய் யோஷினோ நடப்பட்டது. தயங்காமல் உதிர்வதுதான் வீரனின் அழகு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1944 அக்டோபரில் முதல் தற்கொலை விமானப் படைகளுக்கு வைத்த நான்கு பெயர்களும் நொரினாகாவின் மலைச் சகுராப் பாடலிலிருந்து எடுத்தவை. அவற்றில் ஒன்று யமாஜகுரா. அடுத்த ஆண்டு 'ஓகா' என்று ஓர் ஆயுதம் களத்துக்கு வந்தது. சகுராப் பூ என்ற இரண்டு எழுத்துகளை வேறு விதமாகப் படித்தால் வரும் பெயர். ராக்கெட் பொருத்திய சிறு விமானம். மூக்கில் 1200 கிலோ வெடிமருந்து. இறங்குவதற்குச் சக்கரமே கிடையாது. பக்கவாட்டில் இளஞ்சிவப்பில் சகுரா வரைந்திருந்தார்கள். 1945 மார்ச் 21 அன்று முதன்முதலாகக் கொண்டு போனபோது, அதைச் சுமந்த தாய் விமானங்கள் எல்லாம் இலக்கை அடையும் முன்பே சுட்டு வீழ்த்தப்பட்டன. பிறகு போன பையன்களைக் கையில் சகுராக் கிளை ஏந்தி வழியனுப்பிய பள்ளிச் சிறுமிகளின் புகைப்படம் ஒன்று உலகம் அறிந்தது.

எமிகோ ஓனுகி-டியர்னி என்ற ஜப்பானிய மானிடவியல் அறிஞர் 2002இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த விமானிகளில் பலர் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய நாட்குறிப்புகளில் தெரிவது வெறியைவிடக் குழப்பமும் வாழ ஆசையும்தான் என்று அவர் காட்டுகிறார். ஆயிரம் ஆண்டுகளாக வாழ்வையும் காதலையும் விளைச்சலையும் குறித்த பூவை, அதன் அழகு மாறாமல் வைத்துக்கொண்டே சாவுக்குத் திருப்பினார்கள். பார்த்தவர்களுக்கு மாற்றமே தெரியவில்லை என்பது அவர் வாதம். நாமும் வெட்சி, வஞ்சி, தும்பை என்று பூச்சூடிப் போருக்குப் போனவர்களின் பரம்பரைதான். ஆகவே அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆலயத்தின் அருங்காட்சியக முன்கூடத்தில் ஒரு நீராவி இஞ்சின் நிற்கிறது. ரயில்காரன் கண்ணுக்கு முதலில் அதுதானே படும்! சி-56 வகை, எண் 31. கேஜைப் பார்த்தேன், நம் மீட்டர் கேஜ். லம்டிங் பக்கம் 2014 வரை மீட்டர் கேஜ் பாதையைப் பார்த்துக்கொண்டவனுக்கு அளவெடுக்க வேண்டியதில்லை. ஜப்பான் தன் 90 இஞ்சின்களை மீட்டர் கேஜுக்கு மாற்றி 1941க்குப் பின் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பியது. இந்த 31ஆம் எண் 1943 அக்டோபரில் சயாம்–பர்மா பாதைத் திறப்பு விழாவில் ஓடியது. 1979இல் ஜப்பானுக்குத் திரும்ப வந்தது.

அதுதான் நாம் சயாம் மரண ரயில் என்று சொல்லும் பாதை. 415 கிலோமீட்டர், ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டதைப் படமாக எடுத்து உலகம் பார்த்துவிட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் அங்கே மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை, வரிசையான கல்லறையும் இல்லை. என் பாட்டனாரின் தம்பி பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1942க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. அவர் அந்தப் பாதையில்தான் போனாரா என்பதற்குச் சான்று எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. மலைச்சரிவில், மழைக்காலத்தில், கையால் மண்ணள்ளி ஒரு கிலோமீட்டர் பாதை போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தக் கூடத்தில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. உள்ளே பெரிய கூடத்தில் ஓகாவின் மாதிரி ஒன்றும் இருக்கிறது. வெளியே வந்தால் மாதிரி மரத்தைச் சுற்றிக் கேமராவோடு கூட்டம். ஆறாவது பூ விரிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

நம் வடகிழக்கிலும் ஒரு சகுராக் கதை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோஹிமாவில் நடந்த சண்டையில் ஜப்பானியரின் குறி, அப்போது 'மணிப்பூர் ரோடு' என்று பெயர்கொண்ட திமாப்பூர் ரயில் நிலையமும் அதைச் சுற்றிய கிடங்குகளும்தான். அந்த மீட்டர் கேஜ் வழியில்தான் படைக்கு உணவும் குண்டும் வந்துகொண்டிருந்தன. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தருகே ஒரு செர்ரி மரம். அதில் ஏறி மறைந்து ஜப்பானியர் சுட்டார்கள். சண்டையில் மரம் அழிந்தது. அடிக்கட்டையிலிருந்து விட்ட தளிர்தான் இன்று போர்க் கல்லறைத் தோட்டத்தில் மரமாக நிற்கிறது. அங்கே 1,420 கல்லறைகள் உள்ளன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்களும் பொறித்திருக்கிறார்கள். திமாப்பூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணம்தான். நம் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம்.

போருக்குப் பின் சகுரா தன் பழைய வேலைக்குத் திரும்பியது. நூறு யென் நாணயத்தில் அது இருக்கிறது. 'சகுரா' என்று பெண்குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். 'நருட்டோ' கார்ட்டூன் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். ரயிலுக்கும் அந்தப் பெயர் உண்டு. 1929இல் ஜப்பான் முதன்முதலாக ரயில்களுக்குப் பெயர் வைத்தபோது தேர்ந்த இரண்டில் ஒன்று 'ஃபுஜி', மற்றது 'சகுரா'. சகுரா மூன்றாம் வகுப்பு மக்களின் விரைவு வண்டி. போரில் பெயர் போய், 1951இல் திரும்பி வந்து, நாகசாகிக்கு இரவு வண்டியாக ஓடி, 2005இல் நின்றது. பின்னர் கியூஷூ புல்லட் ரயில் பாதை முழுதாகத் திறந்தபோது அதே பெயரில் புதிய வண்டி விட்டார்கள். திறந்த நாள் 2011 மார்ச் 12. முந்தின நாள் பிற்பகல்தான் வடகிழக்கு ஜப்பானில் பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும். பல ஆண்டு உழைத்த திறப்பு விழா. பந்தல், மேளம், உரை எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, சகுரா காலையில் ஓசையில்லாமல் புறப்பட்டது.

அந்தப் பேரலையில் அழிந்த ஊர்களில் ஒன்று ரிகுசென்தகாதா. முன்காலத்தவர் அந்தக் கடற்கரையில் 'இதற்குக் கீழே வீடு கட்டாதே' என்று கல் நட்டு வைத்திருந்தார்கள். ஆனால் கல்லைப் பாசி மூடிவிடும், பார்ப்பவர் குறைந்துவிடுவார்கள். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் ஒரு தன்னார்வ அமைப்பாகச் சேர்ந்து, அலை வந்து தொட்ட உச்ச எல்லை நெடுகச் சகுரா நட ஆரம்பித்தார்கள். கோட்டின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்றால் 17,000 மரங்கள். பாலத் தூண்களில் நாம் வெள்ளைப் பெயின்டில் எச்.எஃப்.எல். என்று உச்ச வெள்ள மட்டம் குறிப்போம் அல்லவா? பிரம்மபுத்திராக் கரையில் அந்தக் குறியை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் புதுப்பிப்பது எங்கள் வேலை. அங்கே ஆண்டுதோறும் மரமே அதைப் புதுப்பித்துவிடுகிறது. நிலச் சொந்தக்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு அனுமதி வாங்கித்தான் ஒவ்வொரு குழியும் தோண்டுகிறார்கள். நடுவதற்கு வரும் வெளியூர் மாணவர்களிடம் முதலில் சொல்லித் தருவது, பூமி ஆடினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத்தான்: பூத்திருக்கும் வரிசையைத் தாண்டி, மேட்டுப் பக்கம்.